தும்மலுக்குப் பருவம் இல்லை

காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல். மூக்கு ஒழுகும், கண் அரிக்கும். வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தால் கொஞ்சம் குறைந்துவிடும். “தலையில் நீர் கோத்திருக்கும்” என்பார் பாட்டி. இணையத்தில் தேடினால், வசந்தகால மகரந்தம் என்று வரும். தம்போயில் ஏது வசந்தகாலம்?

ஜப்பானில் மகரந்த ஒவ்வாமைக்குக் குறிப்பிட்ட மாதங்கள் உண்டு. நம் ஜொகூரில் செம்பனை மகரந்தம் சிலருக்கு ஒவ்வாது. ஆனால் செம்பனை ஆண்டு முழுவதும் பூக்கிறது. அதைவிடப் பெரிய குற்றவாளி நம் மெத்தையிலேயே இருக்கிறது. அதுதான் தூசி உண்ணி. கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர், நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று வாழ்கிறது. நம் ஊர் ஈரப்பதம் அதற்குச் சொர்க்கம். அதன் கழிவுதான் நம்மைத் தும்ம வைக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுநீரில் துவையுங்கள். வீட்டு இயந்திரத்தில் சுடுநீர் வசதி இல்லையென்றால், சுயசேவை டோபியில் நன்றாகச் சூடேற்றி உலர்த்தலாம். அறையில் கம்பளம் வேண்டாம். துடைப்பத்தால் கூட்டுவதைவிட ஈரத் துணியால் துடைப்பது நல்லது. சாம்பிராணி, கொசுவத்திப் புகையும் மூக்கை உறுத்தும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மருந்திலும் கவனம் தேவை

குளோர்பெனிராமின் போன்ற பழைய மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் புறப்படுபவர்களுக்கு அது ஆபத்து. லோராடாடின் போன்றவற்றில் தூக்கம் குறைவு, மருந்தாளரிடம் கேளுங்கள். மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான் முழுப் பலன் தரச் சில நாள் ஆகும். இரண்டே நாளில் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

நமக்கென்று ஒரு பருவம் உண்டென்றால், அது புகைமூட்டம். 2019 செப்டம்பரில் நாட்டில் பல பள்ளிகளை மூட வைத்த அதே புகைதான். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஜன்னலை மூடுங்கள். வெளியே போக என்95 முகக்கவசம் அணியுங்கள்.

பிள்ளை வாயால் மூச்சுவிட்டுத் தூங்குகிறதா? இரவில் இருமல், நெஞ்சில் ‘வீஸ்’ சத்தம் கேட்கிறதா? ‘வெறும் சளி’ என்று விடாதீர்கள். மூக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் பல நேரம் சேர்ந்தே வரும். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.