கார் ஷெட்டில் ஒரு கிளைடர்

எஞ்சின் இல்லாத விமானத்தை வீட்டுக் கார் ஷெட்டிலேயே கட்டி, அதில் தாங்களே ஏறிப் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் ஊரில் யாரும் லேசில் நம்புவதில்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் அப்படி ஒரு கிளைடர் உருவாகிற ஷெட்டுக்கு சனிக்கிழமைகளில் போய் வேலைக்குக் கைகொடுக்கிறேன். கட்டுகிறவர் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினத்து ஃபைபர் படகுப் பட்டறையில் ரெசின் தடவிப் பழகிய கை என்பதால்தான் என்னைக் கூப்பிட்டார்.

படகுக்கும் கிளைடருக்கும் மூலப்பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். கண்ணாடி இழைத் துணி, அதை இறுகப் பிடிக்கும் ரெசின். வேலைதான் வேறு. படகில் 'மேட்' என்ற இழை விரிப்பைப் பரப்பி, பாலியெஸ்டர் ரெசினைத் தாராளமாகத் தடவி, ரோலரால் காற்றுக்குமிழை விரட்டுவோம். வெயில் இல்லாத நாளில் கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வோம். இங்கே எபாக்ஸி; அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. ரெசினையும் ஹார்டனரையும் தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் பலம்தான் குறையும். கலந்ததைக் குவளையிலேயே விட்டுவைத்தால் தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகிவிடும்; அதனால் உடனே அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுகிறோம். துணி நனைந்ததும் மிச்ச ரெசினை ரப்பர் தகட்டால் வழித்தெடுக்க வேண்டும். பாரம் தாங்குவது இழை. அதை இடம் பெயராமல் பிடித்துக்கொள்வதுதான் ரெசினின் வேலை. தேவைக்கு மேல் தங்குகிற ரெசின் வெறும் சுமை.

இந்தக் கலைக்கு வேர் ஜெர்மனியில் இருக்கிறது. முதல் உலகப் போரில் தோற்ற அந்த நாட்டின் எஞ்சின் விமானங்களுக்கு வெர்சாய் ஒப்பந்தம் கடும் கட்டுப்பாடு போட்டது. பறக்கும் ஆசை கொண்ட இளைஞர்கள் கிளைடர் பக்கம் திரும்பினார்கள். பல்கலைக்கழகங்களில் 'அகாஃபிளீக்' என்ற மாணவர் குழுக்கள் உருவாகி, தாங்களே வரைந்து, தாங்களே கட்டிப் பறந்தன. ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த ஹெர்மன் நேகலேயும் ரிச்சர்ட் எப்ளரும் வடிவமைத்த 'ஃபீனிக்ஸ்' 1957 நவம்பர் 27 அன்று பறந்தது. கண்ணாடி இழையில் உருவான முதல் கிளைடர் அதுதான். மெல்லிய பால்சா மரத்துக்கு இரு பக்கமும் கண்ணாடி இழை ஒட்டிய உடல். 1972-இல் பிரவுன்ஷ்வைக் மாணவர்கள் தங்கள் 'எஸ்பி 10' கிளைடரில் கார்பன் இழையையும் கொண்டுவந்துவிட்டார்கள்.

தொழிற்சாலைகள் முதலில் அச்சு செய்து, அதற்குள் துணியைப் படியவைக்கின்றன. ஒரே ஒரு கிளைடருக்காக அச்சு செய்வது வீட்டில் கட்டுகிறவருக்குக் கட்டுப்படியாகாது. கலிஃபோர்னியாவின் பர்ட் ரூட்டன் 1975-இல் பறக்கவிட்ட 'வேரிஈஸ்' என்ற சிறு விமானம் அதற்கு வழி காட்டியது. தெர்மாகோல் மாதிரியான நுரைக்கட்டியைச் சூடான கம்பியால் இறக்கை வடிவில் அறுத்து, அதன்மேலேயே துணியை ஒட்டினார்; அச்சே தேவைப்படவில்லை. வீட்டில் கட்டத்தக்க கிளைடருக்காக நடந்த வடிவமைப்புப் போட்டியில் அவருடைய 'சாலிட்டேர்' 1982-இல் வென்றது. ஜிம் மார்ஸ்கி என்பவர் வால் இல்லாத 'மோனார்க்' கிளைடரை வடிவமைத்து, வீட்டில் கட்டுகிறவர்களுக்குக் கொடுத்தார்.

இறக்கையின் உயிர் அதற்குள் ஓடும் ஸ்பார் என்ற உத்தரம். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைகிறது; ஸ்பாரின் மேல்பட்டை நசுங்கப் பார்க்கும், கீழ்ப்பட்டை இழுபடும். அதனால் அந்தப் பட்டைகளில் இழைகள் நீளவாட்டில் நேராக ஓட வேண்டும். மேல்பட்டையில் இழை ஓரிடத்தில் லேசாக நெளிந்தாலும் அங்கே பலம் போய்விடும். இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் காப்பது மேல்தோல்; அங்கே துணியை 45 டிகிரி சாய்த்து விரிக்கிறோம். எல்லாம் முடிந்து இறக்கையை மூடி ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்காகவே நண்பர் ஒவ்வொரு கலவையிலும் ஒரு கரண்டி எடுத்து, எண்ணும் தேதியும் எழுதிய சிறு கிண்ணத்தில் வைத்துவிடுகிறார். மறுநாள் அதை நகத்தால் அழுத்திப் பார்த்து நோட்டில் குறிக்கிறார். படமும் எடுத்து ஒட்டுகிறார். அந்த நோட்டைப் பார்த்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

இந்தக் கட்டுமானத்துக்குச் சூடு ஆகாது. வெயிலில் எபாக்ஸி இளகினால் பலம் குறையும். கிளைடர்கள் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது அந்தச் சூட்டைக் குறைக்கத்தான்; அழகுக்காக அல்ல.

பலத்தைச் சோதிக்க, இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். சாதாரண வகைக் கிளைடர் புவியீர்ப்பைப்போல் 5.3 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அதற்கும் மேல் ஒன்றரை மடங்கு காப்பு வேண்டும். அமெரிக்கச் சட்டம், கட்டுகிறவர்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தாங்களே செய்திருக்க வேண்டும் என்கிறது. அதிகாரி வந்து பார்த்துச் சான்று தந்த பிறகுதான் பறக்கலாம்.

பறக்கும் ஆசை மட்டும் இருக்கிறவர் பழைய தொழிற்சாலைக் கிளைடர் ஒன்றை வாங்கிக்கொள்வதே லாபம். கட்டுவதற்கு வருடக்கணக்கில் ஆகும், பணமும் மிச்சமாகாது. பொருளின் குணத்தைக் கையால் அறிய ஆசைப்படுகிறவருக்கு மட்டுமே இந்த வேலை.

நம் பொறியியல் மாணவர்கள் இதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு விமானம் கட்ட வேண்டியதில்லை. நுரைக்கட்டியில் ஒரு அடி நீளத் துண்டு, இரண்டு அடுக்குத் துணி, கொஞ்சம் எபாக்ஸி போதும். நன்றாக இறுகவிட்டு, இரண்டு செங்கல் மேல் வைத்துப் பாரம் ஏற்றி உடையுங்கள். எங்கே உடைந்தது, ஏன் அங்கே உடைந்தது என்று பாருங்கள். கையுறை இல்லாமல் மட்டும் ஹார்டனரைத் தொடாதீர்கள். அது தோலுக்கு ஒருமுறை ஒவ்வாமல் போனால், பிறகு எபாக்ஸி பக்கமே போக முடியாது.