பாழ்நிலத்தில் யாரைக் கூட்டிப்போவது?

ஃபால்அவுட் என்ற கணினி ஆட்டத்தை ஆடும் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்விக்கு வந்துவிடும்: துணைக்கு யாரை வைத்திருக்கிறீர்கள்? அணு ஆயுதப் போரில் அமெரிக்கா அழிந்து, மிச்சமிருக்கும் ஊர்களில் தண்ணீருக்கும் தோட்டாவுக்கும் மனிதர்கள் அடித்துக்கொள்ளும் உலகம் அது. அங்கே தனியாக நடக்க யாருக்கும் மனம் வருவதில்லை. 1997இல் தொடங்கிய தொடரில் இந்தக் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. பதில் சொல்ல நாம் எதைப் பார்க்கிறோம் என்பது அடியோடு மாறிவிட்டது. சாகாமல் எவ்வளவு தூரம் வருவார் என்று அன்று பார்த்தோம். அவரோடு எவ்வளவு தூரம் பேசிக்கொண்டு போகலாம் என்று இன்று பார்க்கிறோம். இதில் நமக்குக் கிடைத்தது நிறைய. ஆனால் நடுவில் அருமையான ஒன்று வந்து, பாதி கைநழுவியும் போயிருக்கிறது. நம்மைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்லத் தெரிந்த துணையைத்தான் சொல்கிறேன்.

அதன் விதை ஃபால்அவுட்டுக்கும் முந்தையது. 1988இல் வந்த, இன்டர்ப்ளே உருவாக்கிய வேஸ்ட்லேண்ட் ஆட்டத்தில் நாம் உருவாக்கிய நான்கு ரேஞ்சர்கள் உண்டு. வழியில் மூன்று பேர்வரை சேர்த்துக்கொள்ளலாம். ரேஞ்சர்கள் சொன்னதைச் செய்வார்கள். வழியில் சேர்ந்தவர்களிடம் கையிலிருக்கும் பொருளைக் கேட்டால் சிலசமயம் தரமாட்டார்கள், இட்ட வேலையைச் செய்யவும் மறுப்பார்கள். முகம் காட்டவும் குரல் கொடுக்கவும் கணினிக்குச் சக்தி இல்லாத காலம். அந்த மறுப்பு ஒன்றினாலேயே எதிரே இருப்பது இன்னொரு ஆள் என்று புரிந்துவிடும்.

முதல் ஃபால்அவுட்டில் அந்தக் குணம் இல்லை. ஷேடி சாண்ட்ஸ் கிராமத்தில் இயான் என்ற காவல்காரன் சுவரோரம் நிற்பான். 100 கேப்ஸ் கொடுத்தால், அல்லது நயமாகப் பேசினால், கூட வருவான். அதன்பின் அவனிடம் பேச அதிகம் இருக்காது. நமக்கு அனுபவம் ஏற ஏற லெவல் கூடும், அவன் சேர்ந்த நாளில் இருந்தபடியே இருப்பான். புதுக் கவசம் கொடுத்தாலும் போட்டுக்கொள்ளத் தெரியாது. கையில் ஒரு எஸ்எம்ஜி துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான், எதிரிக்கும் தனக்கும் நடுவில் நாம் நிற்பதைப் பாராமல் சரமாரியாகச் சுட்டு நம் முதுகைத் துளைத்துவிடுவான். குறுகிய வாசலில் வழிமறித்து நின்றாலும் சிக்கல்தான்.

இத்தனைக்கும் நடுவில் எல்லாருக்கும் பிடித்துப்போனது ஒரு நாய். ஜங்க்டவுனில் ஃபில் என்பவரை அவர் வீட்டுக்குள்ளேயே போகவிடாமல் வாசலை மறித்துக்கொண்டு நிற்கும். பெயர் டாக்மீட். பழைய எஜமானர் செத்துவிட்டார். அவர் தோல் ஜாக்கெட் போட்டிருந்தவர் என்பதால் நாமும் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனால் பின்னாலேயே வந்துவிடும். இல்லாவிட்டால் குச்சியில் சுட்ட ஓணான் கறி ஒன்று கொடுத்தால் போதும். ‘மேட் மேக்ஸ் 2’ பார்த்தவர்களுக்கு அந்த ஜாக்கெட்டும் நாயும் எங்கிருந்து வந்தன என்று சட்டென்று தெரியும்.

அந்த நாயை ஆட்டத்தின் கடைசிவரை கூட்டிப்போவது பெரிய பாடு. மாரிபோசா ராணுவத் தளத்தின் நடைபாதைகளில் மின்விசைத் திரைகள் உண்டு. நாம் நின்று யோசிப்போம். நாய் யோசிக்காது, நேரே போய் மோதிக்கொண்டே இருந்து செத்துவிடும். பழைய சேவ்வை லோடு செய்து, மறுபடி லோடு செய்து, நாயை எப்படியாவது உயிரோடு வெளியே கொண்டுவந்தவர்கள் பலர். ஆட்டத்தை முடிக்க அது துளியும் தேவையில்லை. ஆனாலும் செய்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ஃபால்அவுட் 2இன் கையேட்டில், முதல் பாகத்து நாயகனின் நினைவுக்குறிப்பாக ஒரு பகுதி இருக்கிறது. இயான் நெக்ரோபாலிஸில் தீயில் கருகிச் செத்ததும், நாய் அந்த மின்திரையில் மாண்டதும் அதில் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆடியவர்களுக்கு நேர்ந்ததையே கதையும் ஏற்றுக்கொண்டது. அன்று துணையின் அருமை அவர் சாகக்கூடியவர் என்பதில் இருந்தது. சொல்ல வார்த்தை இல்லாத ஒரு நாய்மீது இவ்வளவு பாசம் வந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

1998இல் வந்த ஃபால்அவுட் 2, பழைய இடைஞ்சல்களில் பலவற்றைச் சரிசெய்தது. வழியில் நிற்பவரை நகர்த்தலாம், கவசம் மாற்றிவிடலாம், யாரைச் சுட வேண்டும், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். எத்தனை பேர் கூட வருவார்கள் என்பது நம் கரிஸ்மா எண்ணில் பாதி. அதனால் சிரித்துப் பேசத் தெரிந்த நாயகனுக்குப் பின்னால் ஊரே திரண்டு வரும், முரடனுக்கு ஒருவர் வந்தால் அதிகம். கிளாமத் ஊரில் 350 டாலர் கடனை அடைத்து மீட்கும் சூலிக், மூக்கில் குத்திய எலும்பிடம் யோசனை கேட்பவன். அடிமை வியாபாரிகள் கொண்டுபோன தங்கையைத் தேடுகிறவன். நாமே அந்த வியாபாரிகளோடு சேர்ந்தால் அவன் நம்மோடு இருக்கமாட்டான். வேஸ்ட்லேண்டில் காரணம் தெரியாமல் வந்த மறுப்பு, இங்கே ஒருவனுடைய வாழ்க்கையிலிருந்து வந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2008இல், பெதஸ்டா நிறுவனத்தின் கைக்கு மாறிய தொடரின் மூன்றாம் பாகம் வந்தது. மேலிருந்து பார்த்த ஆட்டம் கண்மட்டத்துக்கு இறங்கியது. துணைக்கு வருபவரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசலாம். ஆனால் கூட வருவாரா மாட்டாரா என்பதைப் பெரும்பாலும் கர்மா கணக்கு தீர்மானித்தது. நல்லவருக்கு நல்லவர், கெட்டவருக்கு கெட்டவர்.

இந்தப் பாகத்தில்தான் தொடரிலேயே அதிகக் கோபத்தைக் கிளப்பிய மறுப்பு நடந்தது. வால்ட் 87இல் அடைபட்டிருக்கும் ஃபாக்ஸ் என்ற சூப்பர் ம்யூட்டண்டை நாம் விடுவிக்கிறோம். கதிர்வீச்சு அவரை ஒன்றும் செய்யாது. நமக்காக விஷ அறைக்குள் போய் ஒரு கருவியை எடுத்துவந்து தருகிறார். கதையின் முடிவில், ஜெஃபர்சன் நினைவகத்தில், அதேபோலக் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் போய் ஒரு எண்ணை அழுத்த வேண்டும். நாம் போனால் சாவு, அவர் போனால் ஒன்றும் ஆகாது. கேட்டால், இது உன் விதி, நான் குறுக்கே வரமாட்டேன் என்று ஒதுங்கிவிடுகிறார். விளையாடியவர்கள் கொதித்துப்போனார்கள். 2009இல் வந்த ப்ரோக்கன் ஸ்டீல் இணைப்பில் அவரை உள்ளே அனுப்ப வழிசெய்தார்கள். அப்போதும், நாம் தியாகத்திலிருந்து நழுவியதுபோலத்தான் முடிவுரை பேசும். ஃபாக்ஸ் மறுத்ததில் எனக்குக் குறையில்லை. அந்த மறுப்பு அவருடையதாக இல்லை, கதாசிரியருடையதாக இருந்தது. குறை அங்கேதான்.

அதே ஆட்டத்தில், சத்தமில்லாமல் ஒரு மூலையில், இதற்கு நேர் எதிரான ஒரு பாத்திரம் இருக்கிறது. அண்டர்வேர்ல்டு மதுக்கடையில் நிற்கும் கதிர்வீச்சில் உருமாறிய கூல் இனத்தவன் காரோன். அவனுடைய ஒப்பந்தப் பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு மறுபேச்சு இல்லாமல் அடிபணிவான். கடைக்கார அஸ்ருகாலிடமிருந்து அந்தப் பத்திரத்தை நாம் வாங்கிவிட்டதாகச் சொன்னதும், விடைபெற்று வருகிறேன் என்பதுபோல் பழைய எஜமானரிடம் நடந்துபோய், துப்பாக்கியை எடுத்து அவரைச் சுட்டுக் கொல்கிறான். பிறகு அமைதியாக நம் பின்னால் வந்து நிற்கிறான். மறுக்கவே முடியாமல் ஒருவன் அத்தனை காலம் நின்றதன் விலை என்ன என்பதை அந்த அரை நிமிடத்தில் காட்டிவிடுகிறார்கள். அதன்பின் அவனுக்கு உத்தரவு போடும்போதெல்லாம் எனக்குக் கை தயங்கும்.

2010இல் அப்சிடியன் நிறுவனம் செய்த நியூ வேகாஸில்தான் எல்லாம் கூடிவந்தது. நோவாக் என்ற சிற்றூரில், பெரிய டைனோசர் சிலையின் வாய்க்குள் இரவுக் காவலுக்கு நிற்பான் பூன். முன்னாள் ராணுவ ஸ்னைப்பர். அவன் மனைவி கார்லாவை ஊரார் யாரோ சீசரின் லீஜியன் என்ற படைக்கு அடிமையாக விற்றிருக்கிறார்கள். அவன் தன் தொப்பியை நம்மிடம் கொடுக்கிறான். விற்றவரைக் கண்டுபிடித்து, ராத்திரியில் சிலைக்கு முன்னால் கூட்டிவந்து, தொப்பியைப் போட்டுக்கொள்ள வேண்டும். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான். மோட்டல் அலுவலகப் பெட்டகத்தைத் திறந்தால் விற்பனைச் சீட்டு கிடைக்கும், பணம் வாங்கியவர் மோட்டல் நடத்தும் அன்பான மூதாட்டி ஜீனி மே. சீட்டைத் தேடாமல் யாரையாவது கூட்டிப்போனாலும் பூன் சுடுவான். நம் வார்த்தையை நம்பித்தானே தொப்பியைக் கொடுத்தான். கூட்டாளியாகும் முன்பே இவ்வளவு பொறுப்பை நம் தலையில் வைக்கும் வேறொரு பாத்திரத்தை நான் பார்த்ததில்லை. மனைவியை மீட்க வழியில்லாமல் அவனே தூரத்திலிருந்து சுட்டுக் கொன்ற கதையும், பிட்டர் ஸ்பிரிங்ஸ் படுகொலையில் அவனுக்கு இருந்த பங்கும் மெதுவாகத்தான் வெளியே வரும்.

அந்த பூன், நாம் லீஜியனோடு கைகோத்தால் நம்மோடு வரமாட்டான். மருத்துவர் ஆர்கேட் கேனனும் அப்படியே. ஃபால்அவுட் 2இல் கூட வந்த காசிடியின் மகள் காஸ், நம் செயல்கள் கெட்டுப்போனால் முதலில் எச்சரிப்பாள், பிறகு கிளம்பிவிடுவாள். சும்மா ஆடினால் துணைக்கு வருபவர்கள் அடிபட்டு மயங்கி எழுவார்கள். ஹார்ட்கோர் முறையைப் போட்டுக்கொண்டால் செத்தால் செத்ததுதான். அன்றைய பயமும் பிந்தைய பேச்சும் சேர்ந்திருந்த இடம் இது. தொடரில் சிறந்த துணைகள் எங்கே என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

2015இல் ஃபால்அவுட் 4 வந்தது. மனிதர், ரோபோ, சூப்பர் ம்யூட்டண்ட் எனப் பத்துப் பேருக்குமேல் காத்திருந்தார்கள். குரல் நடிப்பு பிரமாதம். காட்ஸ்வொர்த் என்ற வீட்டுவேலை ரோபோ, நாம் வைக்கும் பெயரையே வாயால் கூப்பிடும், ஏறத்தாழ ஆயிரம் பெயர்கள் அதற்காகப் பதிவு செய்யப்பட்டிருந்தன. டாக்மீட்டுக்கு மாதிரியாக இருந்தது ரிவர் என்ற நிஜமான ஜெர்மன் ஷெப்பர்ட், வடிவமைப்பாளர்களில் ஒருவரான ஜோயல் பர்கெஸ் வளர்த்தது. 2021இல் அது இறந்தபோது உலகெங்கும் ஆடுபவர்கள் துக்கம் விசாரித்தார்கள். ஆனால் ஆட்டத்துக்குள் டாக்மீட் சாகாது. துணைகள் யாருமே எதிரியின் குண்டுக்குச் சாகமாட்டார்கள், முழங்காலிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவார்கள். மாரிபோசாவில் அல்லாடியவர்களுக்கு இது பெரிய நிம்மதி, அதை நான் மறுக்கவில்லை.

எனக்கு நெருடுவது வேறு. நாம் ஒன்று செய்ததும் திரையின் மூலையில் எழுத்து வரும்: பைப்பருக்கு இது பிடித்தது, கேட்டுக்கு இது பிடிக்கவில்லை. பைப்பருக்குப் பூட்டைக் கள்ளத்தனமாகத் திறப்பது பிடிக்கும். நிக் வாலண்டைனுக்குக் கணினியை ஹேக் செய்வது பிடிக்கும். பிரியம் உச்சத்தைத் தொட்டால் ஒரு பெர்க், அதாவது சிறப்புத் திறன், பரிசு. அது தெரிந்ததும் என்ன நடக்கும்? பைப்பரைக் கூட்டிக்கொண்டு பூட்டுப் பூட்டாகத் திறக்கிறோம். பிரியம், மாதாமாதம் கட்டி முடிக்கும் சீட்டுப்பணம்போல ஆகிறது. முடிந்ததும் அவரைக் குடியிருப்பில் விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். பத்திரிகை நடத்த ஊரையே எதிர்த்து நிற்கும் அந்தப் பெண்ணுக்கு இதைவிட மரியாதை செய்திருக்கலாம். யாரைக் கேட்டாலும் டாக்மீட்தான் சிறந்தவன் என்று சொல்வதில் எனக்கு வியப்பில்லை. நாம் என்ன செய்தாலும் அவன் முகம் சுளிப்பதில்லை.

இன்றும் பழைய வீரியம் சில இடங்களில் தலைகாட்டுகிறது. 2016இல் ஃபால்அவுட் 4க்கு வந்த நியூக்கா வேர்ல்டு இணைப்பில் நாம் கொள்ளையர் தலைவராகி, கதை நடக்கும் காமன்வெல்த்தின் குடியிருப்புகளைப் பறித்துக்கொடுத்தால் ப்ரெஸ்டன் கார்வி நிரந்தரமாகப் பிரிந்துவிடுவார். எத்தனை பூட்டுத் திறந்தாலும் திரும்பமாட்டார். இன்னொரு குடியிருப்புக்கு உதவி வேண்டும் என்று நச்சரிப்பதாக எல்லாரும் கேலி செய்யும் ஆள் அவர். அந்த இடத்தில் எனக்கு அவர்மீது மதிப்பு கூடியது. 2018இல் வந்த ஃபால்அவுட் 76இல் மனிதப் பாத்திரங்களே முதலில் இல்லை, துணை என்றால் இணையத்தில் கூட ஆடும் நிஜ மனிதர்தான். 2020இல் மனிதர்கள் திரும்ப வந்தபோதும், நம் முகாமில் தங்கும் கூட்டாளிகள் கூடவே நடந்துவருவதில்லை.

2024இல் தொலைக்காட்சித் தொடர் வந்தபின் இந்த உலகுக்குப் புதியவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். யாரைச் சேர்ப்பது என்று தேடினால் அவர்களுக்கு முதலில் கிடைப்பது பெர்க் பட்டியல். என்னைக் கேட்டால், நியூ வேகாஸில் ஹார்ட்கோர் முறையைப் போட்டுக்கொண்டு பூன், காஸ் இருவரில் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஃபால்அவுட் 4 என்றால் நிக் வாலண்டைன். போருக்கு முந்தைய போலீஸ்காரர் ஒருவரின் நினைவுகளைச் சுமந்து, இது என் வாழ்க்கைதானா என்று கேட்டுக்கொண்டே நடக்கும் இயந்திர மனிதர். ஃபார் ஹார்பர் இணைப்பில் வரும் தீவுக்குப் போகும்போது அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள், அங்கே அவருக்கு ஒரு சகோதரர் காத்திருக்கிறார். பிரியம் சேர்ப்பதற்காக எதையும் செய்யாதீர்கள், உங்களுக்குச் சரியென்று பட்டபடி ஆடுங்கள். யாராவது கோபித்துக்கொண்டு கிளம்பினால் பழைய சேவ்வை லோடு செய்யவேண்டாம்.