வளையல் இறுகுதா? அலட்சியம் வேண்டாம்!

வளைகாப்பு முடிந்து மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்து ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் காலை, "வளையல் எல்லாம் இறுக்குதும்மா, மோதிரமும் கழல மாட்டேங்குது" என்றாள். "பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் கோர்க்கறது சகஜம்தானே" என்று பார்லிக் கஞ்சி போட்டுக் கொடுத்தேன். சாப்பாட்டில் உப்பையும் குறைத்தேன். இரண்டு நாள் கழித்துத் தலைவலி. சுக்குப் பற்றுப் போட்டேன். அன்று சாயங்காலமே, "கண் முன்னாடி பூச்சி பறக்கற மாதிரி இருக்கும்மா" என்றதும் எனக்குத் திக்கென்றது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ரத்த அழுத்தம் 170/110. சிறுநீரில் புரதம் வேறு.

"இவளுக்குப் பிரஷரே கிடையாதே டாக்டர்!" என்று அழுதேன். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு புதிதாகவும் பிரஷர் வரலாமாம். 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். 160/110 என்றால் அவசரம். விட்டுவிட்டால் வலிப்பு வந்து தாய், சிசு இருவர் உயிருக்குமே ஆபத்து. உப்பைக் குறைத்தால் இது அடங்காது.

பிரஷரை இறக்க ஒரு மருந்தும், வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஊசியும் போட்டார்கள். 2002-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இந்த ஊசி வலிப்பு ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது தெரிந்ததாம். ஆனால் கோளாறின் வேர் நஞ்சுக்கொடியில் இருப்பதால், பிரசவம்தான் முடிவான வைத்தியம். 35 வாரம் முடிந்திருந்ததால் மறுநாளே ஆபரேஷன். பேரன் இரண்டு கிலோதான். ஆனாலும் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

"பிள்ளை பிறந்தாச்சு, இனி பயமில்லை" என்றும் இருந்துவிடக்கூடாது. பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம். மகளுக்கு ஆறு வாரம் வரை பிரஷர் பார்த்து, மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். பிற்காலத்தில் பிரஷரும் இருதய நோயும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் வருஷா வருஷம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாமார்களே, மாமியார்களே, நான் பட்டதைச் சொல்கிறேன்:

* ஒவ்வொரு பரிசோதனையிலும் பிரஷர், சிறுநீர் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

* முகம், கை திடீரென்று வீங்கினாலோ, விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத் திணறல் இருந்தாலோ அன்றே கிளம்புங்கள். கைவைத்தியம் வேண்டாம்.

* வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் பிரஷர் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் சில வகை சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

* முன் பிரசவத்தில் பிரஷர் வந்தவர்கள், ரெட்டைக் குழந்தை சுமப்பவர்கள், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இப்படி வந்திருந்தால் அவர்களும், முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிடுங்கள். தேவையானவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் டாக்டர் ஆரம்பிப்பார். நாமாக வாங்கிப் போடக்கூடாது.

அந்த வளையல்களை இன்றும் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம், இரண்டு நாள் முன்னாலேயே கிளம்பியிருக்கலாமே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.