முதலில் பேப்பர், அப்புறம் கம்ப்யூட்டர்!



புரோகிராம் எழுதுவது என்றால் கீபோர்டில் வேகமாகத் தட்டுவதுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சினிமாவில் அப்படித்தானே காட்டுறாங்க! ஆனால் அதுக்கு முன்னாடி பேப்பரில் எழுத வேண்டியது நிறைய இருக்கு. அதில் ஒன்று விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ராக்கெட்டே சாட்சி.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளம். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து செய்த ஏரியான் 5 ராக்கெட்டுக்கு அதுதான் முதல் பயணம். சுமார் 37 வினாடியில் பாதை மாறி, உடைந்து, வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்த 4 கிளஸ்டர் சாட்டிலைட்டுகளும் போச்சு. நல்லவேளை, ஆள் யாரும் அதில் இல்லை.

எஞ்சினில் கோளாறு இல்லை. ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் கணக்குப் பார்க்கும் கருவிக்கு, பழைய ஏரியான் 4 ராக்கெட்டின் புரோகிராமையே போட்டிருந்தார்கள். அதில் கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஒரு எண்ணை 16 பிட் இடத்துக்குள் வைக்கணும். அந்த இடத்தில் 32,767 வரைதான் அடங்கும். நிறைந்த படியில் மேலும் அரிசி கொட்டின கதைதான். ஏரியான் 4-இல் அந்த எண் அவ்வளவு பெரிசா வராது. ஏரியான் 5-க்கோ ஆரம்பத்திலேயே கிடைமட்ட வேகம் அதிகம். எண் அடங்கவில்லை, கருவி நின்றுவிட்டது. ஒன்று நின்றால் உதவ இன்னொரு கருவியும் இருந்தது. ஆனால் ரெண்டிலும் ஒரே புரோகிராம், அதனால் ரெண்டும் நின்றது! நின்ற கருவி அனுப்பிய பிழைக் குறிப்பை மெயின் கம்ப்யூட்டர் நிஜக் கணக்கு என்று நம்பி ராக்கெட்டைத் திருப்பிவிட்டது.

இன்னொரு வேடிக்கை, ஏரியான் 5 மேலே கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே தேவையில்லையாம். புது ராக்கெட் போகும் பாதையின் அளவுகளை அந்தக் கருவியின் தேவைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை என்று விசாரணைக் குழு சொன்னது. பழைய ராக்கெட்டுக்குச் சரியாக இருந்த புரோகிராம்தான் அது. புதுசுக்கு என்ன வேணும் என்பதுதான் பேப்பரில் இல்லை.

நம்ம பள்ளி நூலகத்துக்கு ஒரு புரோகிராம் எழுத நாங்கள் நாலு பேர் சேர்ந்திருக்கோம். இன்னும் ஒரு வரிகூட எழுதல, கேள்விகள்தான் எழுதுறோம். ஒரே பேரில் ரெண்டு பேர் இருந்தால்? ஒருத்தி புத்தகம் திருப்பித் தரலைன்னா பாக்கி இன்னொருத்தி கணக்கில் விழும், பாவம், அவளுக்கு அடுத்த புத்தகம் கிடைக்காது. அதனால் பேரோடு சேர்க்கை எண்ணும் வேணும் என்று முடிவு செய்தோம். ஆறாம் வகுப்புத் தம்பி புத்தகத்தைத் தொலைச்சுட்டா காலமெல்லாம் பாக்கின்னே காட்டுமா? அதை யார் நீக்கலாம்? இதுக்கு இன்னும் பதில் இல்லை, ஆசிரியர்கள்தான் சொல்லணும். கரண்ட் போன நாளில் என்ன செய்வது என்று என் தோழி கேட்டாள். அதனால பழைய நோட்டும் கூடவே இருக்கும்.

இதுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கோம். நாங்கள் கேட்க விட்ட கேள்வி இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்க. தம்பி தங்கைகள் அவசியம் எழுதணும், புத்தகம் அதிகமா எடுக்கிறது நீங்கதான்.

- 9-ஆம் வகுப்பு மாணவி