உங்களுக்குத் தெரியுமா? தூக்குத் தண்டனைக்கு 5 நாள் முன்பு வெளியான கவிதை

1838 டிசம்பர் 13 அன்று சிட்னியின் 'தி ஆஸ்திரேலியன்' செய்தித்தாளில் 'பழங்குடித் தாய்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கவிதை வந்தது. எழுதியவர் எலைசா ஹாமில்டன் டன்லப், அந்த ஆண்டுதான் அயர்லாந்திலிருந்து வந்திறங்கியவர். அதே ஆண்டு ஜூன் மாதம் மயால் கிரீக் என்ற இடத்தில் குறைந்தது 28 பழங்குடியினர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அந்தக் கொலைகளிலிருந்து கைக்குழந்தையோடு தப்பிய தாயின் புலம்பல் அது. குற்றவாளிகள் 7 பேர் தூக்கிலிடப்பட்டது டிசம்பர் 18 அன்று. குடியேறிகளில் பலர் கொலையாளிகளுக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த நேரத்தில் இதை அச்சேற்றியது பெரிய துணிச்சல்.

கணவரோ காவல்துறை நீதிபதி, குடியேற்ற அரசின் ஊழியர். பறித்தவர் வீட்டுப் பெண் பறிகொடுத்தவள் குரலில் பேசலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் எலைசா இரங்கற்பாவோடு நின்றுவிடவில்லை. வொலம்பி என்ற ஊரில் குடியிருந்தபோது அந்த வட்டாரப் பழங்குடி மக்களின் சொற்களையும் பாடல்களையும் கேட்டுக் குறித்துவைத்தார். அன்று அந்த வேலையைச் செய்தவர்கள் மிகச் சிலரே. ஆங்கிலக் கவிஞர் பைரனின் கவிதைகளுக்கு இசையமைத்த ஐசக் நேதன் 1841இல் சிட்னியில் எலைசாவின் 'பழங்குடித் தாய்' கவிதைக்கும் மெட்டமைத்தார். 'சிட்னி ஹெரால்டு' இதழ் அதைச் சாடியது. எலைசா அதே இதழுக்குக் கடிதம் எழுதிப் பதில் சொன்னார்.

இவருக்கு நம் நாட்டுத் தொடர்பும் உண்டு. தந்தை சாலமன் ஹாமில்டன் கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்தவர். அவரைத் தேடி 1820இல் இந்தியா வந்த எலைசா, தந்தை இறந்துவிட்டதையும், இந்தியத் தாய்க்குப் பிறந்த தங்கைகள் தமக்கு இருப்பதையும் அறிந்தார். அந்த அனுபவமும் அவர் பார்வையை விரித்திருக்கும் என்றே கருதுகிறேன். அவரது கவிதைக் கையெழுத்துப் படி சிட்னி மிட்செல் நூலகத்தில் இருக்கிறது.