விஞ்ஞானக் கதைகளில் பெண்கள்

விஞ்ஞானக் கதை என்றதும் விண்வெளிக் கப்பல்களும், இயந்திர மனிதர்களும், வேற்றுக் கிரகவாசிகளும் நம் மனக்கண் முன் தோன்றுகின்றனர். இன்று இல்லாத ஒன்றை நாளை இருக்கக்கூடியதாக எண்ணிப் பார்ப்பதே இக்கதைகளின் சிறப்பு. எதையும் கற்பனை செய்யத் துணிந்த இவ்வெழுத்தாளர்கள், பெண்ணை எவ்வாறு கற்பனை செய்தார்கள்? சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

வழியனுப்பும் பெண்

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1864-இல் பூமியின் மையத்தை நோக்கிச் செல்லும் ஒரு பயணக் கதையை எழுதினார். அதில் கிரௌபன் என்ற இளம்பெண் வருகிறாள். கனிமங்களைப் பற்றி நன்கு கற்றவள் அவள். பயணம் போக அஞ்சும் இளைஞன் ஆக்ஸெலுக்குத் தைரியம் சொல்பவளும் அவளே. ஆயினும் பூமிக்குள் இறங்குபவர்கள் மூவரும் ஆண்களே. கிரௌபன் வீட்டில் காத்திருக்கிறாள்! அறிவு இருந்தும் அவளுக்குப் பயணத்தில் இடமில்லை.

பின்னர் 1930-களில் அமெரிக்காவில் வெளிவந்த விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளின் அட்டைகளில், கொடிய பிராணியின் பிடியில் சிக்கி அலறும் பெண்ணை அடிக்கடி காணலாம். அவளைக் காப்பாற்ற ஒரு வீரன் வருவான். காத்திருப்பதும் காப்பாற்றப்படுவதுமே பெண்ணின் வேலை என்றாகிவிட்டது.

மறைந்திருந்த எழுத்தாளர்கள்

பெண்களுக்கு இத்துறையில் நாட்டமில்லை என்று கூற முடியுமா? முடியாது. விஞ்ஞானக் கதைகளுக்கு முன்னோடி எனப் பலரும் போற்றும் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. ஆனால் 1818-இல் அந்நூல் ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தது. கணவர்தான் எழுதியிருப்பார் என்று பலர் எண்ணினர்.

150 ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை பெரிதும் மாறவில்லை. அமெரிக்கப் பெண்மணி ஆலிஸ் ஷெல்டன் 1967-இல் ஒரு மார்மலேட் புட்டியின் மீதிருந்த பெயரைப் பார்த்து, 'ஜேம்ஸ் டிப்ட்ரீ' என்று ஆண் பெயர் சூட்டிக்கொண்டு எழுதலானார். இவ்வெழுத்து ஆணுடையதே என்று 1975-இல் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் உறுதியாக எழுதினார். ஆலிஸ் எழுதத் தொடங்கிச் சுமார் 10 ஆண்டுகளுக்குப் பின்னரே உண்மை வெளிப்பட்டது. 'பெண் புத்தி பின் புத்தி' என்பார்க்கு இதைவிட நல்ல பதில் வேறென்ன வேண்டும்?

சென்னையில் வெளிவந்த கனவு

நம் நாட்டிலும் ஒரு பெண்மணி இத்துறையில் துணிந்து எழுதினார். வங்கத்தில் பிறந்த பேகம் ரொக்கையா பள்ளிக்கூடம் சென்று படித்தவரல்லர். இரவு வேளைகளில், பிறர் அறியாமல், அண்ணனிடம் ஆங்கிலம் கற்றவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற கதை, 1905-ஆம் ஆண்டு, கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையிலிருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மாகஸின்' என்ற பத்திரிகையில் வெளியாயிற்று.

அக்கதையில் வரும் நாட்டை ஆள்பவர்கள் பெண்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்து அதைக் கொண்டே சமைக்கிறார்கள். மேகத்திலிருந்து நீரை எடுக்கிறார்கள். ஆகாய வண்டியில் பறக்கிறார்கள். வெப்பத்தைச் சேமிக்கவும் நீரை எடுக்கவும் வழி கண்டவை பெண்களின் பல்கலைக்கழகங்கள். ரொக்கையா கனவோடு நின்றுவிடவில்லை. 1911-இல் கல்கத்தாவில் 8 மாணவிகளுடன் ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளி இன்றும் நடைபெற்று வருகிறது.

கதை திறந்த கதவு

கதை, வாழ்க்கையை மாற்றுமா? இதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் டிரெக்' என்னும் தொடர் தொடங்கியது. அதன் முதல் சோதனைப் படத்தில் கப்பலின் துணைத்தலைவர் ஒரு பெண். தொடரிலோ அந்தப் பாத்திரம் இல்லை. எனினும், செய்தித் தொடர்பு அதிகாரி உஹூராவாக நிஷெல் நிக்கல்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி நடித்தார். அவர் விலக நினைத்தபோது, விலகக் கூடாதென்று மார்ட்டின் லூதர் கிங் தம்மை வற்புறுத்தியதாக அவர் பின்னாளில் கூறியுள்ளார்.

1977-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்ணப்பிக்கத் தூண்டும் பணியை நிக்கல்ஸிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட 35 பேரில் 6 பேர் பெண்கள். நாசா விண்வெளி வீரர்களாகப் பெண்களைத் தேர்ந்தது அதுவே முதல் முறை. சிறுமியாக இருந்தபோது உஹூராவைக் கண்டு மகிழ்ந்த மே ஜெமிசன் டாக்டரானார். 1992-இல் 'எண்டவர்' விண்வெளி ஓடத்தில் பறந்து, விண்வெளி சென்ற முதல் கறுப்பினப் பெண்மணி என்ற பெருமையைப் பெற்றார்.

நாம் செய்யக்கூடியது

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? வருங்காலத்தைப் பற்றிய கதையில் பெண்ணுக்கு ஓர் ஆசனம் இருந்தால், அதைக் காணும் சிறுமி தனக்கும் அங்கே இடமுண்டு என்று நம்புகிறாள். ஆசனம் இல்லையென்றால், கேட்கவே தயங்குகிறாள். ஆகவே இனி ஒரு விஞ்ஞானக் கதையைப் படிக்கும்போதும் படத்தைப் பார்க்கும்போதும் நாம் கேட்போம்: கப்பலைச் செலுத்துவது யார்? இக்கதையில் பெண்ணுக்கு ஒரு வேலை உண்டா? அல்லது அவள் காத்திருக்க மட்டுமே வந்தவளா? விடை நமக்கு நிறைவளிக்காவிடில், வருந்தி நிற்க வேண்டாம். பௌதிகமும் கணிதமும் ஊன்றிக் கற்போம், பேனாவையும் எடுப்போம். கிரௌபன் போகாத பயணத்தை எழுத வேண்டியவர்கள் நாமே அல்லவா?