தேர்தலில் நிற்கும் ஊர்க்காரர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை உலகக் கம்பெனிகளின் பெயர்ப்பலகைகள் வரிசைகட்டி நிற்கின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. ஆனால் சுற்றுச்சுவருக்கு வெளியே தெருவிளக்கு எரியாவிட்டாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் மக்கள் தேடிப் போவது ஊராட்சி மன்றத் தலைவரைத்தான்.

அப்படி ஒருவர் இல்லாமலே காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள் ஐந்து ஆண்டுகளைக் கழித்தன. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகப் பின்பற்றப்படாதது ஒரு காரணம். 2019 டிசம்பரில் பிற மாவட்டங்களின் கிராமங்கள் வாக்களித்தபோது, மாவட்டப் பிரிப்பைக் காரணம்காட்டி காஞ்சிபுரம் உட்பட ஒன்பது மாவட்டங்கள் ஒதுக்கிவைக்கப்பட்டன. 2021 அக்டோபரில்தான் இங்கே வாக்குப்பதிவு நடந்தது. அதுவரை தனி அலுவலர்களின் ஆட்சி.

போட்டியிட 21 வயது நிறைந்து, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பாதி இடங்கள் பெண்களுக்கு.

இப்படி நின்று வென்ற ஊர்க்காரர் எவ்வளவு செய்ய முடியும்? ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில், திருமழிசையை அடுத்த குத்தம்பாக்கத்தைப் பார்க்கலாம். வேதிப் பொறியியல் படித்து, மத்திய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய இளங்கோ, 1996-இல் தலைவரானார். 2001-இல் மீண்டும் வென்றார். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் அடுத்தடுத்து வாழ இரட்டை வீடுகள் எழுந்தன. கிரானைட் பட்டறைகள் கழித்த கற்களைக் கொண்டு குறைந்த செலவில் வடிகால் கட்டினார். அரசு மதிப்பீட்டின்படி கட்டவில்லை என்று அவரை இடைநீக்கம் செய்தார்கள். அவர் கிராம சபையைக் கூட்டிக் கணக்கை மக்கள் முன் வைத்தார். ஊர் அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பக் கிடைத்தது.

இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிக் கிராமங்களின் வாடகை அறைகளில் வெளிமாவட்ட, வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைந்திருக்கிறார்கள். பலருக்கு ஓட்டு சொந்த ஊரில். குடிநீரும் குப்பை வண்டியும் தேவைப்படுவது இங்கே. ஓட்டில்லாத அவர்களுக்கும் சேர்த்துத் திட்டமிடுபவரே இங்கு தலைவராக வேண்டும்.

2021-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2026 அக்டோபர் வரை. அடுத்து வாக்குக் கேட்டு வருபவரிடம் வாக்காளர்கள் கேட்க வேண்டியவை மூன்று: ஆலைகள் ஊராட்சிக்குத் தர வேண்டிய வரியை எப்படி வசூலிப்பீர்கள், எந்தத் தெருவுக்கு முதலில் செலவிடுவீர்கள், ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் வரவுசெலவை வாசிப்பீர்களா?